புகைக்கூண்டு பங்களாவைப் பாதுகாத்த வரலாறு

கட்டடம் கட்டியவனை உலகம் புகழ்கிறது. இடித்தவனைக்கூடச் சரித்திரத்தில் சேர்த்துக்கொள்கிறது. பூட்டியவனை மட்டும் எவனும் கண்டுகொள்வதில்லை. இந்த மாபெரும் அநீதியைத் துடைக்கவே பேனா எடுத்திருக்கிறேன்.

நான் யார் என்று கேட்கலாம். வேலூரில் இயங்கிய, அரசாங்கத்தின் 'பழங்கட்டடப் பாதுகாப்புக் குழு'வின் முகாம் எழுத்தர். எங்கள் தலைவர் திரு. சிவப்பிரகாசம் அவர்கள் பாதுகாப்பதில் ஈடு இணையற்றவர். ஒரு கோட்டை வாசலைப் பார்க்க ஜனங்கள் சௌகரியமாக வரட்டும் என்று சாலையை அகலப்படுத்தினார். அகலப்படுத்தியதில் வாசல் போய்விட்டது. ஆனால் சாலை? வழவழவென்று இருக்கிறது! இன்னோர் ஊரில் கல் மண்டபத்துச் சிற்பங்களுக்குப் பச்சை பெயிண்ட் அடித்தார். யானை எது, யாளி எது என்று பார்க்கிறவர்களே முடிவு செய்துகொள்ளலாம். மீதி எல்லாவற்றையும் பூட்டினார். பூட்டிய இடத்தில் ஆலமரம் முளைத்துக் கூரை இறங்கினால் அதற்கு 'இயற்கையின் செயல்' என்று பெயர்.

அப்பேர்ப்பட்டவரின் பார்வை 1979-ல் ஆரணிமேல் விழுந்தது.

ஆரணியில் நெசவுத் தெரு ஒன்றின் கடைசியில் ஒரு பங்களா. எந்தக் காலத்திலோ ஒரு ஜாகீர்தார், எங்கோ வெள்ளைக்காரன் வீட்டைப் பார்த்துவிட்டு வந்து கட்டியது. மேலே பார்த்தால் மாதா கோயில், நடுவில் பார்த்தால் தர்கா, கீழே இறங்கினால் நம்ம ஊர்ச் சத்திரம். கூடத்தில் குளிர்காய ஒரு கணப்பு, கூரைமேல் அதற்கொரு புகைக்கூண்டு. ஆரணி வெயிலில் குளிர்காய நினைத்த மனுஷன்! ஊர்க்காரர்கள் அதைப் 'புகைக்கூண்டு பங்களா' என்றே சொல்வார்கள். அதன் பெருமையே உள்ளே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடும் தாழ்வாரம்தான். அதில் ரயிலே விடலாம்.

ரயில் விடவில்லை. நெசவாளிகள் பாவு போட்டார்கள்.

பாவு என்றால், சேலைக்கு நெடுக்கே ஓடும் நூல். அதைத் தறியில் ஏற்றுவதற்கு முன் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அறுந்த இழையை முடிந்து, கஞ்சி தெளித்துக் காயவைக்க வேண்டும். வெயில் காலத்தில் தெரு இருக்கிறது. மழைக்காலத்தில்? பங்களாத் தாழ்வாரம்தான். நாங்கள் பூட்டப் போகிறோம் என்று கேள்விப்பட்டு, அந்தத் தெருவிலிருந்து தெய்வநாயகி என்ற அம்மாள் பஸ் ஏறி எங்கள் ஆபீசுக்கே வந்துவிட்டார்.

"சார், அதைப் பூட்டிட்டா ஐப்பசி, கார்த்திகையில தெருவே பட்டினிங்க. எங்க அடுப்புல பூனை தூங்கும். நாங்க தினமும் பெருக்கறோம், மழைக்கு மின்ன ஓடு மாத்தறோம். உங்களுக்கு இன்னாங்க பேஜாரு?"

தலைவர் கண்ணை மூடி யோசித்தார். "அப்படியானால் கட்டடத்தில் மனித நடமாட்டம் இருக்கிறது! ஐயோ, உடனே பூட்டியாக வேண்டுமே!"

தெய்வநாயகி என்னைப் பார்த்தார். நான் மேஜையைப் பார்த்தேன். "சரிங்க, வாங்க, வந்து பாருங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது சிரித்த மாதிரி இருந்தது. நான்தான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

புரட்டாசியில் ஒரு வியாழக்கிழமை, விடியற்காலையிலேயே வேன் கிளம்பியது. வேனில் தலைவர், நான், டிரைவர் பழனி. தட்டில் சிவப்பு ரிப்பன், கத்தரிக்கோல். கோணியில் தேங்காய்ப் பருமனில் ஒரு பூட்டு. திறப்பு விழா எல்லா ஊரிலும்தான் நடக்கிறது. 'பூட்டு விழா' கண்டுபிடித்தவர் எங்கள் தலைவர். கூடவே அவர் மனைவி அபிதகுசாம்பாள். ஆரணிக்கு ஆய்வுக்குப் போகும் கணவனைத் தனியாக அனுப்ப எந்தப் பெண்ணுக்கு மனசு வரும்?

தெருமுனையில் வேன் நின்றது. எதிரே, நாங்கள் போக வேண்டிய சாலையை மறித்துக்கொண்டு இடுப்பு உயரத்துக்குப் பாவு. வெயிலில் பட்டு பளபளவென்று மின்னியது. இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழை சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க சார்!" என்று தெய்வநாயகி ஓடி வந்தார். "இதோ ஆயிடுச்சுங்க. அவசரம்னா வேனை இங்கேயே வுட்டுட்டு, அடியில பூந்து நடந்து போங்க. கொஞ்சம் குனிஞ்சா போதும்."

தலைவர் நிமிர்ந்தார். "குனியறதா? அம்மா, நான் குனிந்தால் இலாகா குனிந்த மாதிரி. காத்திருக்கிறோம்."

அரசு காத்திருந்தது. தெய்வநாயகி இட்லி அனுப்பினார். அரசு சாப்பிட்டது. பாவு காய்ந்தது, சுருட்டினார்கள். பழனி வண்டியைக் கிளப்பினார். அதற்குள் எதிர் வீட்டுக்காரர் தன் பாவை இழுத்துக் கட்டிவிட்டார்.

"இன்னாம்மா இது?" என்றார் பழனி.

"அது அவங்க பாவுங்க. கட்டினப்புறம் அவுக்கக் கூடாது. ஜல்தியா முடிச்சுடுவாங்க."

அது முடிந்தது. மூன்றாவது வீட்டில் கட்டினார்கள். வருஷம் முழுக்கப் போட வேண்டிய பாவையெல்லாம் அன்றைக்கே போடுகிறார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். "ஆரணி நெசவாளிகளின் சுறுசுறுப்பு வியக்கத்தக்கது" என்று குறித்துக்கொண்டேன்.

அபிதகுசாம்பாள் இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. காலையிலேயே இறங்கி, பாவுக்கு அடியில் குனிந்து, தெய்வநாயகி வீட்டுக்குள் போய்விட்டார். இலாகா குனியாது, இலாகாவின் மனைவிக்கு அந்தச் சட்டம் கிடையாது. உள்ளே சேலை விரிகிற சத்தமும், "அடேயப்பா, இது என்ன கலர்!" என்கிற சத்தமும் மாறி மாறி வந்தன.

மத்தியானச் சாப்பாடும் ஆயிற்று. வடை, பாயசம் வேறு. வெயிலில் வேன் கொதித்தது. ராகு காலம் முடிந்தும் முடியாமலும், மாம்பழ நிறத்தில் புதிதாக ஒரு பாவு சாலையின் குறுக்கே வந்து நின்றது. அவ்வளவுதான், தலைவருக்கு ரௌத்திரம் வந்துவிட்டது.

"யோவ், எடுய்யா அந்தக் கத்தரிக்கோலை!"

"சார், அது ரிப்பனுக்கு..."

"குறுக்கே கட்டினது எதுவானாலும் ரிப்பன்தான்யா!"

கத்தரிக்கோலைப் பிடுங்கிக்கொண்டு வேனிலிருந்து குதித்தார். இழை முடிந்துகொண்டிருந்த கைகள் அந்தரத்தில் நின்றன. பட்டை அறுத்தால் ஒரு குடும்பத்தின் மாச உழைப்பு போச்சு. தெய்வநாயகியின் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். ஆனால் நான் முகாம் எழுத்தர். தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கத்தரிக்கோல் வாயைத் திறந்தது. அப்போது உள்ளேயிருந்து ஓர் அலறல்.

"தொட்டீங்க, கையை முறிச்சிடுவேன்! அது என் சேலை!"

அபிதகுசாம்பாள், தலைமுடி அவிழ, பாவுக்கும் கத்தரிக்கோலுக்கும் நடுவில் வந்து நின்றார். "இந்தப் பாவுல முதல் சேலை எனக்குத்தான்னு இந்தம்மா சொல்லியிருக்காங்க. மயில் கழுத்துக் கலர்ல முந்தி. கத்தரியைக் கீழே வைங்க!"

தலைவர் ஜில்லாவில் எவனுக்கும் அஞ்சாதவர். கீழே வைத்தார். வேன் திரும்பியது. கோணியில் பூட்டு உருண்டுகொண்டே வந்தது.

மறுபடி ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். போகத்தான் நினைத்தோம். மாம்பழக் கலர் சேலை தறியில் இருக்கிறது, முடியட்டும் என்றார் தலைவர் வீட்டம்மா. அது முடிந்தபோது தீபாவளிக்கு ஒன்று தறி ஏறியிருந்தது. பிறகு பொங்கலுக்கு. பிறகு தங்கை மகள் சீமந்தத்துக்கு. தெய்வநாயகியின் தறியில் அந்த அம்மாளுடைய சேலை இல்லாத நாளே இல்லை. இப்படி அஞ்சு வருஷம் ஓடியது. அந்தப் பக்கம் பூட்டோடு போக யாருக்குத் துணிச்சல்?

1984 ஐப்பசியில் சென்னையிலிருந்து பெரிய அதிகாரி வந்தார். "நீங்கள் பாதுகாத்த கட்டடங்களைக் காட்டுங்கள்" என்றார். எங்களுக்கு வியர்த்துக் கொட்டியது. வாசல் இருந்த இடத்தில் சாலையைக் காட்ட முடியுமா? பூட்டியதைத் திறக்கலாம் என்றால் ஒன்றில் கூரை இல்லை. இன்னொன்றில் பூட்டு மட்டும்தான் இருந்தது. வேறு வழியில்லாமல் ஆரணிக்கு அழைத்துப் போனோம்.

வெளியே அடைமழை. பங்களாவுக்குள் ஒரு சொட்டு இறங்கவில்லை. கண்ணாடி ஜன்னல்கள் பளிச்சென்று இருந்தன. தாழ்வாரத்தில் சிவப்புப் பாவு. அதிகாரி தானே குனிந்து அடியில் புகுந்து, அந்தக் கோடி வரைக்கும் போய், கணப்புக்குள் தலையை விட்டுப் புகைக்கூண்டை அண்ணாந்து பார்த்தார்.

"பிரமாதம், மிஸ்டர் சிவப்பிரகாசம்! எப்படி இவ்வளவு நன்றாக வைத்திருக்கிறீர்கள்?"

தலைவர் அடக்கமாகச் சிரித்தார். "எல்லாம் இலாகாவின் இடைவிடாத கவனிப்பு சார்."

அந்த வருஷத்துச் 'சிறந்த பாதுகாப்பு' விருது எங்கள் குழுவுக்கே கிடைத்தது. சந்தன மாலை, கேடயம், கைதட்டல். இந்தச் செய்தியைச் சொல்ல நானே ஆரணிக்குப் போனேன். தெய்வநாயகி இழை முடிந்துகொண்டே கேட்டார்.

"விருதாங்க? எதுக்குங்க?"

"இந்தப் பங்களாவை நல்லா பாதுகாத்ததுக்கும்மா."

அடுத்த இழையை எடுத்தார்.

"குடுக்க வேண்டியதுதாங்க. அஞ்சு வருஷமா பூட்டோட இந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்கலியே, அது சும்மாவா?"