செல்லிக்காக வந்த ஐஸ் பெட்டி

செந்துறை

அன்பு மாப்பிள்ளை தமிழழகனுக்கு, அக்கா புருஷன் நடராசன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நானும் ஜானகியும், திருப்பூருக்கு வேலைக்குப் போகும்போது நீ எங்களிடம் விட்டுப்போன ராஜபாளையத்து நாய் செல்லியும் இங்கு சுகம். எதைக் கேட்டாலும் போனில் ‘உம்’ என்கிற உன்னிடம் வாயால் சொல்லி மாளாத சேதி என்பதால் இந்தக் கடிதம்.

செல்லிக்கு வயது ஏறுகிறது, இந்தப் பருவத்தை விட்டால் குட்டி சந்தேகம்தான் என்று கால்நடை டாக்டர் ஆர்த்தி சொல்லிவிட்டார். நீ ஆசைப்பட்ட அரும்பாவூர் சின்னதுரையின் ஆண் நாய் வீரனையே கேட்டேன். “வீரனுக்கு வண்டி ஒத்துக்காதுங்க, வாந்தி எடுத்துரும்” என்றார். செல்லியோ ஆட்டோ சத்தம் கேட்டாலே கட்டிலுக்கடியில் போய்விடுவாள். கடைசியில், வீரனின் விந்தை முட்டை மஞ்சள்கரு சேர்த்த திரவத்தில் கலந்து குளிரில் வைத்து எடுத்துவர ஏற்பாடாயிற்று. “ஐஸ் நேரா படக்கூடாது சார், உறைஞ்சா போச்சு. சூடு ஏறுனாலும் போச்சு. குலுக்கவும் கூடாது” என்று டாக்டர் என்னைப் பயமுறுத்தி அனுப்பினார்.

அரும்பாவூரிலிருந்து திரும்பும்போது, பஸ்ஸில் ஐஸ் பெட்டியை மேலே போடச் சொன்ன கண்டக்டரிடம், “வேணாங்க, உள்ள உயிர் இருக்கு” என்று உளறிவிட்டேன். அவ்வளவுதான், பஸ்ஸே எழுந்து எனக்கு இடம் கொடுத்தது. “இதயமா, கிட்னியா? யாருக்குங்க ஆபரேஷன்?” என்று பக்கத்திலிருந்த அம்மாள் கண்கலங்கினார். “எங்க செல்லிக்கு” என்றேன், அது பொய்யில்லையே! டிரைவர் ஒவ்வொரு வேகத்தடையிலும் தொட்டிலை ஆட்டுவதுபோல் வண்டியை இறக்கினார். அரியலூரில் இறங்கும்போது அந்த அம்மாள் என் கையில் திருநீறு கொடுத்து, “பொண்ணு நல்லாயிருவா, தைரியமா போங்க” என்றார். நானும் பயபக்தியோடு பூசிக்கொண்டேன்.

வீட்டில் உன் அக்கா, “இட்லி மாவு இருக்கிற ஃப்ரிட்ஜுல நாய் சமாச்சாரமா? வூட்டுக்குள்ள வராதீங்க!” என்று கதவை மறித்தாள். கெஞ்சி ஒருவழியாக உள்ளே வைத்தேன். சாயங்காலம் கரண்ட் போயிற்று. நான் கையைப் பிசைந்து நிற்கும்போது, மறித்த அதே ஜானகிதான் ஜூஸ் கடைக்கு ஓடி ஐஸ் வாங்கிவந்து, அதைத் தன் கல்யாணப் பட்டுப்புடவையில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள். “பாவங்க, அவளும் ஒரு பொம்பளதானே” என்றாள்.

மறுநாள் டாக்டர் வந்து ஒரு சொட்டை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, “ஜம்முன்னு நீந்துது சார்!” என்றார். உன் அக்காவும் எட்டிப் பார்த்தாள். “அடியாத்தா! தேரோட்டத்துக் கூட்டமாட்டம் முண்டுதே!”

அன்றே டாக்டர் அதைச் செல்லிக்குச் செலுத்தினார். இரண்டு மாதம் கழித்து, போன வெள்ளிக்கிழமை செல்லி ஐந்து குட்டி போட்டாள். எல்லாம் பால் வெள்ளை, எல்லாம் வீரனின் மூக்கு. தாயும் பிள்ளைகளும் சுகம். உன் அக்கா தெருவுக்கே சர்க்கரைப் பொங்கல் கொடுத்தாள். அரும்பாவூர் நாயை வண்டியில் கொண்டுவர எவனாலும் முடியாது, இந்த வழி ஒன்றுதான் என்று ஊரெல்லாம் சொல்லி வருகிறேன். நீ லீவு போட்டு வா. உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, குலசாமி துணையிருக்கும்.

அன்புடன்,
நடராசன்

பின்குறிப்பு: இதை ஒட்டப்போகும் நேரத்தில் வாசலில் ஹாரன் சத்தம். குட்டிகளைப் பார்க்கச் சின்னதுரை குட்டியானை வண்டியில் வந்திருக்கிறார். வீரன் ஜன்னலில் தலையை நீட்டி, நாக்கைத் தொங்கவிட்டு, மாப்பிள்ளை ஊர்வலம்போல் வந்து இறங்கினான். வழியெல்லாம் வாந்தி எடுத்தது சின்னதுரைதானாம்.