குழாயில் அடைத்த காற்று

நான் காற்றை விரட்டிப் பிழைக்கிறவன். ஹோட்டல் சமையலறை, தியேட்டர் கழிப்பறை என்று எங்கே புழுக்கமோ நாற்றமோ இருந்தாலும் என்னைக் கூப்பிடுவார்கள். போய் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டிவிட்டு வருவேன். புகைக்கு வழி காட்டுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். வேறு யாரும் சொல்லாததால் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. வேலை முடிந்து கிளம்பும்போது எல்லா வீட்டிலும் ஒரே உபதேசம்: "ஃபேன் எதுவா வேணா இருக்கட்டும். ஸ்விட்ச் மட்டும் வீட்டம்மா கைக்கு எட்டுற இடத்துல இருக்கணும்."

அப்படிப்பட்ட என்னைப் பார்த்து ஒரு டாக்டரம்மா அந்த வார்த்தையைச் சொல்லலாமா?

என் மனைவி மாசமாக இருந்தாள். வருஷக்கணக்கில் காத்திருந்து வந்த பிள்ளை. வயிற்றின் மேல் ஒரு கருவியை வைத்து, குழந்தையின் நெஞ்சு குதிரை ஓடுவதுபோல் துடிப்பதைக் கேட்கவைத்தார்கள். நான் அழுதுவிட்டேன். கண்ணைத் துடைப்பதற்குள் டாக்டரம்மா கேட்டார்.

"வீட்ல யாராவது சிகரெட் பிடிப்பாங்களா?"

"சேச்சே, விட்டாச்சு டாக்டர்," என்றேன். அன்று காலையில்தான் விட்டிருந்தேன். அதுவும் பாதியில், பஸ் வந்துவிட்டதால்.

"நல்லது. அடுத்தவங்க விடற புகையும் அம்மா மூச்சு வழியா குழந்தைக்குப் போகும். எடை குறையலாம். மாசம் நிறையறதுக்கு முன்னாடியே பிறந்துடலாம். சில பேர் ஜன்னலைத் திறந்து வெச்சேன், ஃபேன் போட்டேன்னு சொல்வாங்க. அதனால பிரயோஜனமே இல்லை."

ஃபேனால் பிரயோஜனமில்லையாம். என் முகத்துக்கு நேராகச் சொல்கிறார்.

அங்கேயே ஒரு சபதம் எடுத்தேன். என் பிள்ளைக்குத் துளிப் புகை போகக் கூடாது, எனக்கும் ஒரு சிகரெட் குறையக் கூடாது. இரண்டையும் ஒரே ஃபேனால் சாதித்துக் காட்டுகிறேன்.

ஹோட்டலுக்குப் போடுகிற பெரிய ஃபேன் ஒன்றை எங்கள் குளியலறையில் மாட்டினேன். போட்டால் கண்ணாடி நடுங்கும். கொடியில் தொங்கும் துண்டு படுத்துக்கொண்டே பறக்கும்.

"இது எதுக்குங்க?" என்றாள் மனைவி.

"ஈரம் காயணும்ல. மாசமா இருக்கறவ, வழுக்கிடக் கூடாது பாரு."

"எவ்வளவு அக்கறை," என்றாள்.

அவள் அப்படிச் சுருக்கமாகப் பேசினால் நான் உஷாராகியிருக்க வேண்டும். எனக்கு ஃபேன் மயக்கம்.

ஒரே ஒரு விஷயத்தைக் கோட்டை விட்டேன். அந்த ஃபேன் காற்றைத் தள்ளும் இடம், கட்டடத்தின் நடுவே குழாய்கள் ஏறி இறங்கும் குறுகலான சந்து. எங்கள் சமையலறை ஜன்னலும் அதே சந்தைப் பார்த்துத்தான் திறக்கும். அடுத்தவர் வீடாக இருந்தால் வாசலிலேயே கண்டுபிடித்திருப்பேன்.

ஒரு சாயங்காலம் நான் குளியலறையை விட்டு வெளியே வந்தபோது, அவள் ஈரத்துணியால் மூக்கைப் பொத்தியபடி அடுப்படியில் நின்றாள். இன்னொரு கை வயிற்றின் மேல் இருந்தது.

"என்னங்க, இங்க சிகரெட் வாசம் வருது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். வாய் வேறு எதையோ சொன்னது.

"மேல்வீட்டுக்காரர்தான்."

மேல்வீட்டில் இருப்பவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். தங்கமான மனுஷர்.

"அவரா? பார்த்தா அப்படித் தெரியலையே."

"இருமலைக் கேட்டதில்லையா நீ? அது சிகரெட் இருமல். எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்குத் தெரியாம இருக்குமா," என்றாள். "அப்ப நாளைக்கே போய்க் கேட்டுடுங்க. நானும் வரேன்."

மறுநாள் மேலே போனோம். நான் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். அவள் எனக்குப் பின்னால், படியில்.

"சார், எங்க வீட்ல மாசமா இருக்கா. நீங்க விடற புகை எங்க அடுப்படிக்கு வருது."

எப்படியும் சண்டைக்கு வருவார், சமாதானமாகித் திரும்பிவிடலாம் என்பது என் கணக்கு. அவரோ என் தோளுக்கு மேலாக ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"தப்புதான் தம்பி. இன்னையோட விட்டுடறேன்."

"ஆங்... சரி."

"ஆனா தனியா விட முடியாது. கை நமநமன்னும்போது பக்கத்துல ஒரு ஆள் வேணும். நீங்கதான் விட்டவராச்சே, கொஞ்சம் கூட இருங்க."

"எனக்கு வேலை..."

"இவர் பார்த்துப்பார் அண்ணா," என்றது பின்னாலிருந்து குரல். "இவர் விட்ட வேகத்தைப் பார்த்து டாக்டரே அசந்துட்டாங்க."

அன்று பிடித்தது சனி. நான் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போடுவேன். ஃபேனைப் போடுவேன். சந்துக் குழாயில் டங் டங்கென்று ஒரு சத்தம் கேட்கும். உடனே என் போன் அடிக்கும்.

"தம்பி, கை நமநமங்குது. ஓடி வாங்க."

ஓடுவேன். வேறு என்ன செய்வது? கூடவே படியேறி இறங்குவேன். கிராம்பு மெல்வேன். அவர் தன் சட்டைப்பையைத் தட்டிக் காட்டி, "நீங்களும் காட்டுங்க தம்பி, நமக்குள்ள நேர்மை வேணும்ல," என்பார். பாக்கெட்டை வீட்டிலேயே ஒளித்துவிட்டுப் போகப் பழகினேன். திரும்பி வந்தால் வைத்த இடத்தில் இருக்காது. யாரிடம் போய்க் கேட்பது?

அந்தக் குழாய்ச் சத்தம் வேறு உயிரை வாங்கியது. குழாயில் காற்று அடைத்திருக்கிறது என்று நிபுணனாக முடிவு செய்தேன். டைல்ஸை உடைத்துக் குழாயைக் கழற்றினேன். காற்று இல்லை. தண்ணீர்தான் முகத்தில் அடித்தது.

ஒருநாள் மேல்வீட்டுக்காரர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"முடியலை தம்பி. ஒண்ணே ஒண்ணு, ஜன்னலோரமா நின்னு பிடிச்சுக்கறேனே. என்ன ஆயிடும்?"

எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. "என்ன சார் பேசறீங்க? நமக்குப் புகை பிடிக்கலைன்னா எழுந்து வெளிய போயிடுவோம். உள்ள இருக்கறது எங்க போகும்? அதுக்கு இருக்கறது அவளோட மூச்சு ஒண்ணுதான்."

சொல்லி முடித்த பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. என் குரலில்தான் சொன்னேன், எனக்கேதான் சொன்னேன். ஈரத்துணியோடு அவள் நின்ற கோலம் கண்ணுக்குள் வந்தது. கீழே வந்து, ஃபேன் கூண்டுக்குள் கடைசியாக ஒளித்திருந்த பாக்கெட்டைத் தண்ணீரில் நனைத்துக் குப்பையில் போட்டேன். அதற்குப் பிறகு கை நமநமத்தபோதெல்லாம் நானே மாடிக்கு ஓடினேன். குழாய்ச் சத்தம் நின்றுவிட்டது. நான் சரி செய்ததால்தான் நின்றது என்று நம்பினேன்.

மாசம் நிறைந்து பெண் பிறந்தாள். நல்ல எடை. அவள் அழுகைக்கு முன்னால் எக்ஸாஸ்ட் ஃபேன் தோற்கும். பிள்ளையைப் பார்க்க மேல்வீட்டுக்காரர் வந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"உங்க புண்ணியம் சார். நீங்க விடலைன்னா இவ இப்படிப் பிறந்திருப்பாளா?"

அவருக்கு இருமல் வந்தது. பையிலிருந்து ஒரு சின்ன மருந்துக் குப்பியை எடுத்து வாயில் வைத்து உறிஞ்சினார்.

"சின்ன வயசுலேர்ந்தே மூச்சிரைப்பு தம்பி. யாராவது சிகரெட் பத்த வெச்சாலே எதிர்ச்சாரிக்குப் போயிடுவேன்."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் பிள்ளையின் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"ஃபேன் ஓடறப்ப மட்டும்தானே வாசம் வந்துச்சு."

"என்கிட்டயே கேட்டிருக்கலாமே?"

"கேட்டா சண்டை வரும். கோபத்துல வெளிய போய்ப் பிடிப்பீங்க. சட்டையெல்லாம் அந்த வாசத்தோட வந்து பக்கத்துல படுப்பீங்க. அதான் நாம மேல போறதுக்கு முன்னாடியே அண்ணன்கிட்ட ஒத்தாசை கேட்டேன். நீங்க உள்ள போனதும் குழாயில கரண்டியால ரெண்டு தட்டு தட்டுவேன், அண்ணன் போன் பண்ணுவார்."

"ஆக, இத்தனை மாசம் என்னை ஆட்டி வெச்சிருக்க."

"நான் என்னங்க பண்ணினேன்?" என்றாள் பிள்ளையை என் கையில் கொடுத்தபடி. "ஸ்விட்ச் வீட்டம்மா கைக்கு எட்டுற இடத்துல இருக்கணும்னு நீங்கதானே எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வரீங்க."