பாரீஸுக்குப் பாதயாத்திரை

"அண்ணா, காலங்காத்தால முதுகுல இன்னா மூட்டை?"

சவுரிமுத்து சட்டென்று நின்றார். பின்னால் வந்த மனைவி கனகவல்லி அவர்மேல் மோதிக்கொண்டு நின்றாள். இருவர் முதுகிலும் புத்தம்புதுப் பை. பைக்குள் ஆளுக்கு ஐந்து கிலோ அரிசி. காலில் விறைப்பான புது ஷூ. எதிரே பால் பாக்கெட்டோடு நின்றவள் பக்கத்து வீட்டில் குடியிருக்கும் சொந்தத் தங்கை ஜான்சி.

மின்வாரியத்தில் முப்பத்தாறு வருஷம் கம்பம் ஏறி ஓய்வு பெற்ற சவுரிமுத்துவுக்கு அறுபத்தெட்டு வயதில் ஐரோப்பா ஆசை வந்திருந்தது. அறுபது தாண்டியும் கால் தெம்பாக இருப்பவர்களுக்கென்றே ஒரு கோடைச் சுற்றுலா. பாரீஸ், ஜூரிக், வெனிஸ், ரோம். மொத்தம் பதினேழு நாள். தினம் பத்து கிலோமீட்டர் நடக்க வேண்டும், அவரவர் பையை அவரவரே சுமக்க வேண்டும். அதற்குத்தான் ஊரப்பாக்கம் தெருக்களில் இந்த ஒத்திகை.

விமானம் ஏறும்வரை ஈ காக்காய்க்குக்கூடத் தெரியக்கூடாது என்று புருஷனும் பெண்சாதியும் சத்தியம் செய்திருந்தார்கள். காரணம் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் சிங்கப்பூர் போகப்போவதாக சவுரிமுத்து உளறித் தொலைத்தார். நானும் வருகிறேன் என்றாள் ஜான்சி. அவள் ஓரகத்தியும் வருகிறேன் என்றாள். பதினோரு பேர் சேர்ந்தார்கள். ஒருவருக்கு விமானமென்றால் பயம், இன்னொருவருக்கு லீவு இல்லை. சிங்கப்பூர் சுருங்கி ஏற்காடாகி, கடைசியில் இரண்டு வேன் பிடித்து வண்டலூர் மிருகக்காட்சி சாலையில் போய் முடிந்தது. அன்று நீர்யானைக்கு எதிரே உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்ட கனகவல்லி, வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அது அவருக்கு இன்னும் வலித்தது. இந்தத் தடவையும் விட்டால் அப்புறம் முட்டி விடாது.

"கேக்கிறேன் இல்ல? மூட்டையில இன்னா?"

"இதுவா... வேளாங்கண்ணிக்கு நடந்து போறோம்மா. வேண்டுதல்."

எப்படி அந்த வார்த்தை வாயில் வந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

"செப்டம்பர் திருவிழாவுக்குத்தானே நடப்பாங்க? மே மாசத்துலயா?"

"முட்டி வலி செப்டம்பர் வரைக்கும் காத்துகினு இருக்குமா?"

"முட்டி வலியோடயா முன்னூறு கிலோமீட்டர் நடக்கப் போற?"

"அதனாலதான் ஜான்சி அது வேண்டுதல்," என்று கனகவல்லி முந்திக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் சவுரிமுத்து தன்னைத் தானே மெச்சிக்கொண்டார். நடக்கப் பன்னிரண்டு நாள், தங்க மூன்று நாள், ரயிலில் திரும்ப இரண்டு நாள். பதினேழும் பிசகில்லாமல் பொருந்தியது. அந்தத் தெம்பில் சாப்பாட்டு மேஜைமேல் வரைபடத்தை விரித்தார்.

"வெனிஸ்ல ரெண்டு நாள் எதுக்கு கனகா? எங்க பார்த்தாலும் தண்ணி. அதுக்கு டிசம்பர் வெள்ளத்துல முடிச்சூர் போனா போதாதா?"

"அங்க படகுல பாடுவாங்களாம். முடிச்சூர்ல மீட்புப் படகு வந்தப்ப யாராவது பாடினாங்களா? ரோம்லயும் மூணு நாள் குறையக் கூடாது, சொல்லிட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்குத்தந்தை வில்பிரட் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "நம்ம சவுரிமுத்து ஐயாவும் அம்மாவும் அடுத்த ஞாயிறு வேளாங்கண்ணிக்குப் பாதயாத்திரை கிளம்புறாங்க. இந்த வயசுல! நம்ம இளைஞர் சங்கத்துல பன்னிரண்டு பேர் துணைக்கு நடக்க முன்வந்திருக்காங்க."

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. சவுரிமுத்து அவசரமாக எழுந்து நின்றார்.

"சாமி, இது மௌன நடை. வழியெல்லாம் பேச்சே கிடையாது. நாங்க ரெண்டு பேர் மட்டும் போறதா வேண்டுதல்."

"அருமை! அப்ப இன்னைக்கே மௌனத்தைத் தொடங்கிடுங்க. ஒரு வாரம் பழகினாத்தான் வழியில வாய் நிக்கும்."

கோயில் வாசலைத் தாண்டுவதற்குள் அவருடைய செல்போன் அடித்தது. சுற்றுலா மேலாளர் ஷ்யாம்சுந்தர். சுற்றிலும் ஜான்சி உட்பட இருபது பேர்.

"சார், சாப்பாடு சைவமா அசைவமா? இப்பவே பதியணும்."

சவுரிமுத்து தொண்டையைக் கனைத்தார்.

"சைவமா சார்?"

பின்னாலிருந்து யாரோ முதுகைத் தடவிக் கொடுத்ததில், தன்னையறியாமல் "ம்" என்றார்.

"சுத்த சைவம்னு போட்டுட்டேன் சார். இனிமே மாத்த முடியாது."

மீன் இல்லாமல் சோறு இறங்காத மனிதருக்குப் பதினேழு நாள் சைவம் உறுதியானது.

புதன்கிழமை அவர்கள் ஒத்திகை நடையில் இருந்த நேரம் பார்த்து, விசா குத்திய பாஸ்போர்ட்டுகளும் பயணத்திட்டமும் கூரியரில் வந்துவிட்டன. கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்தவள் ஜான்சி.

"ஏதோ கவர் வந்துச்சுண்ணா. பேங்க் சமாசாரமா இருக்கும்," என்று நீட்டினாள்.

சவுரிமுத்து பதறிப்போய் வாங்கிப் பார்த்தார். நல்லவேளை, ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. பசை மட்டும் கொஞ்சம் ஈரம். கூரியர்காரரின் வியர்வையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலத்திலிருந்து ஜான்சிக்குப் பக்தி முற்றிவிட்டது.

"பாதயாத்திரைக்கு யாராவது ஷூ போடுவாங்களாண்ணா? வெறுங்காலுதான். காவி வேட்டி, காவி சேலை எல்லாம் நானே வாங்கிட்டேன். வேணாம்னா வேணாம்னு வாயைத் திறந்து சொல்லு."

வாயைத் திறக்க முடியாத சவுரிமுத்து தலையை ஆட்டினார். பெட்டிகள் சனிக்கிழமையே யார் கண்ணிலும் படாமல் தாம்பரத்தில் ஷ்யாம்சுந்தரிடம் போய்ச் சேர்ந்தன. ஷூக்களும் அவற்றோடு போயின.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிப் பூசை முடிந்து, மேளம் முழங்க ஊர்வலம் புறப்பட்டது. செய்தித்தாளில் சுற்றிய மெழுகுவர்த்திப் பொட்டலங்கள் வந்து குவிந்தன. "எங்க சார்பா ஏத்திடுங்க ஐயா" என்று ஆளுக்கொன்று கொடுத்தார்கள். மொத்தம் பதினைந்து. இருப்பதிலேயே பெரியது ஜான்சியுடையது. விமானமோ மதியம் இரண்டு மணிக்கு.

"ஏர்போர்ட்டு வடக்கே இருக்கு. நாம தெக்கே நடக்கிறோம்," என்று கனகவல்லி உதடு அசையாமல் முணுமுணுத்தாள்.

காட்டாங்குளத்தூர் வரை வழியனுப்பியே தீருவது என்று ஊர் ஒற்றைக்காலில் நின்றது. எட்டு மணிக்கே ஜி.எஸ்.டி. ரோடு கொதித்தது. பாரீஸில் நடப்பதற்காகப் பாடுபட்டுத் தேற்றிய நாலு பாதங்களும் தாரில் பழுத்தன. கூடவே வந்த ஜான்சி மட்டும் ஜம்மென்று செருப்புப் போட்டுக்கொண்டு நடந்தாள்.

ஒருவழியாகக் கூட்டம் விடைபெற்று, பஸ் ஏறித் திரும்பியது. கால் மணி நேரம் புளியமரத்தின் பின்னால் பதுங்கியிருந்துவிட்டு, இருவரும் ஆட்டோ பிடித்து வடக்கே பறந்தார்கள். கூடுவாஞ்சேரி டீக்கடையில் மொத்த ஊரும் நின்றிருந்தது. சவுரிமுத்து துண்டைத் தலையில் போட்டுக் குனிந்தார். ஒருவர்கூட ஆட்டோ பக்கம் திரும்பவில்லை. வருகிற போகிற வண்டியையெல்லாம் எட்டிப் பார்க்கும் ஜனம், இன்று என்னவோ மும்முரமாக வடையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பல்லாவரம் தாண்டும்போது அவருக்கு மனசு கேட்கவில்லை.

"நம்பிக் குடுத்தாங்க கனகா. நாம ஏமாத்துறோமே."

"ரோம்ல மாதா கோயில் இல்லையா? ஒண்ணு விடாம அங்க ஏத்திடலாம்."

"ஜான்சியை நினைச்சாத்தான் ரொம்பக் கஷ்டமா இருக்கு. வெள்ளை மனசு அவளுக்கு. வந்ததும் முதல்ல அவகிட்ட மன்னிப்புக் கேட்டுடறேன்."

சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கியது. கனகவல்லி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வானத்தில் ஒரு விமானம் தாழ்வாக இறங்கியது; வண்டலூர் நீர்யானைக்குப் பிறகு முதல்முறையாக அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

விமான நிலையத்தில் காவி உடையும் வெறுங்காலுமாக வந்து இறங்கியவர்களை ஷ்யாம்சுந்தர் மேலும் கீழும் பார்த்தார். தள்ளுவண்டியிலிருந்த அவர்கள் பெட்டியைத் திறந்து பொட்டலங்களை அடுக்கிப் பார்த்தார், மூட முடியவில்லை.

"பேப்பரை எல்லாம் பிரிச்சுட்டா இடம் கிடைக்கும் சார்," என்று பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டவர், பெரியதைக் கடைசியாகப் பிரித்தார். மெழுகுவர்த்தியைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டு ஒரு சீட்டு இருந்தது.

"அது என் தங்கச்சியோட வேண்டுதல். படிங்க தம்பி, பயணம் நல்லபடியா ஆரம்பிக்கட்டும்," என்று சவுரிமுத்து கண்ணை மூடிக் கைகூப்பினார்.

ஷ்யாம்சுந்தர் சீட்டை ஒருமுறை படித்தார். மறுமுறையும் படித்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"'அண்ணா, கால் நல்லா சுட்டுச்சா? எங்ககிட்ட மறைச்சதுக்கு அது போதும், இதை ரோம்ல ஏத்திடு, ஜூரிக்ல சாக்லேட் ரெண்டு கிலோ வாங்கிகினு வா'ன்னு எழுதியிருக்காங்க சார்... மத்த பதினாலு பொட்டலத்துலயும் சீட்டு இருக்கு, அதையும் படிக்கட்டுமா?"