தவிட்டுக்கு வாங்காத பிள்ளை

திண்டுக்கல்லில் பிள்ளை பெற்றவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கலாம். பிள்ளை வளர்த்தவர் என்றால் எங்கள் எதிர்வீட்டு தெர்மாமீட்டர் ஒருவர்தான். மற்றவர்கள் நாங்கள் என்ன செய்தோம்? பெற்றோம், சோறு போட்டோம், தெருவில் விட்டோம். அதுகளாக வளர்ந்தன.

தெர்மாமீட்டர் என்பது தெரு வைத்த பெயர். எண்பதுகளின் தொடக்கத்தில் நாகல் நகர்ப் பக்கம் ஒரு வரிசை வீட்டில் நாங்கள் குடியிருந்தோம். அவருக்கு நூல் மில்லில் டைம் கீப்பர் வேலை. சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு தெர்மாமீட்டர் நிற்கும். கல்யாணமாகி வெகுகாலம் கழித்து, தங்காமல் போனதெல்லாம் போக, கடைசியாகப் பிறந்த ஒரே மகன் பாபு. காலையில் அந்தப் பையன் வாயில் பல்பொடிக்கு முன்னால் தெர்மாமீட்டர்தான் நுழையும்.

என் வீட்டில் நாலு. மூத்தவள் செல்வி, அவளுக்குப் பின்னால் மூன்று பையன்கள். குழாயடியில் வரிசையாக நிறுத்தி, ஒரே வாளித் தண்ணீரில் நாலையும் குளிப்பாட்டி விரட்டிவிடுவேன். ஆத்தூர் அணையிலிருந்து குழாயில் தண்ணீர் வராத நாட்களில் அதுவும் கிடையாது. நான் வளர்த்தது என்று பார்த்தால் செல்வி ஒருத்தியைத்தான். அடுத்தவனை அவள் வளர்த்தாள், அதற்கடுத்தவனை அவன் வளர்த்தான். கடைக்குட்டியை யார் வளர்த்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எதிர்வீட்டில் அதே ஆத்தூர்த் தண்ணீர் மூன்று கொதி கொதித்து, வேட்டித் துணியில் வடிந்து, பிளாஸ்கில் ஏறும். ஆயக்குடிக் கொய்யா வாங்கினால் தோலைச் சீவி, ஊக்கு முனையால் ஒவ்வொரு விதையாகத் தோண்டி எடுத்துவிட்டு ஊட்டுவார். மிச்சம் இருப்பது கொய்யாதானா என்று என்னைக் கேட்காதீர்கள். பருப்புச் சோற்றுக் கிண்ணத்தோடு புருஷனும் பெண்டாட்டியும் பையனைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை போவார்கள். பஸ்ஸைக் காட்டி ஒரு வாய், போலீஸ்காரரைக் காட்டி ஒரு வாய். போய்வந்த களைப்பில் அவர்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு தட்டுச் சோறு சாப்பிடுவார்கள். பையன் அப்படியேதான் இருப்பான்.

பாபுவுக்கு மூன்று வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. எந்த மருந்துக்கும் இறங்கவில்லை. கோயில் பூசாரி சொல்லியிருக்கிறார்: "ஒத்தப் புள்ளைன்னா ஊர்க்கண்ணு பூரா அது மேலதான் விழும். புள்ளைங்க நெறஞ்ச வீட்டுல குடுத்துட்டு, தவிட்டுக்குத் திருப்பி வாங்கிக்கங்க." பெற்ற பிள்ளை என்றால்தானே எமன் எட்டிப் பார்ப்பான், தவிட்டுக்கு வாங்கியதை யார் சீந்தப்போகிறார்கள் என்பது கணக்கு. எங்கள் பக்கத்தில் எத்தனையோ பேர் செய்வதுதான். ஐந்து நிமிஷ வேலை.

ஒரு வெள்ளிக்கிழமை, நல்ல நேரம் பார்த்து தெர்மாமீட்டரும் சம்சாரமும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பையனை முறத்தில் உட்கார வைத்து என்னிடம் நீட்டி, "இந்தாங்கக்கா, இனிமே இது உங்க புள்ள" என்றார். என்னைவிட மூத்தவர், ஆனாலும் நான் அவருக்கு அக்கா. விட்டுக்கொடுக்காமல் நானும் அவரை அண்ணே என்றே கூப்பிடுவேன். நான் பையனை வாங்கிக்கொண்டேன். தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கத் திரும்பினார். வாசலில் வைத்திருந்த தவிட்டுப் பெட்டிக்குள் பால்காரர் மாடு தலையை விட்டிருந்தது.

"ஏய்! ஏய்! அது எம் புள்ளைக்கு வச்ச தவுடு!" என்று அதன் கொம்பைப் பிடித்து மல்லுக்கு நின்றார். மாடு பெட்டியின் அடியைக்கூட நக்கி முடித்துவிட்டுத்தான் தலையை வெளியே எடுத்தது.

"பரவால்லண்ணே, குடுத்ததா வச்சுக்கறேன். புள்ளையப் புடிங்க" என்றேன்.

கைக்கடிகாரத்தைப் பார்த்தார். டைம் கீப்பர் அல்லவா? "நல்ல நேரம் முடிஞ்சு போச்சுக்கா. யாவாரம் முடியல. அடுத்த வெள்ளிக்கெழமை தவுடோட வந்து வாங்கிக்கிறேன். அதுவரைக்கும் எங்க வீட்டுல சும்மா படுத்திருக்கட்டும்."

அன்று சாயங்காலமே பையனுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. அங்கே பிடித்தது எனக்குச் சனி.

அடுத்த வெள்ளிக்கிழமை வெறுங்கையோடு வந்து நின்றார். "அக்கா, உங்க கணக்குல இருக்கப்பத்தான் காய்ச்சல் எறங்கியிருக்கு. எதுக்கு மாத்திக்கிட்டு? இப்புடியே இருக்கட்டும்."

"இருக்கட்டும்னா?"

"எங்க வீட்டுலதான் தூங்குவான், திம்பான். பாடு பூரா எங்களுது. புள்ள மட்டும் உங்களுது."

என் வீட்டுக்காரர் பேப்பருக்குப் பின்னாலிருந்து சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு அவருக்கு இரண்டு நாள் காபி கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் நிம்மதியாக ஒரு குழம்பு கொதிக்க வைத்தேனா? அடுப்பில் வைத்ததும் வாசலில் குரல் கேட்கும். "அக்கா, உங்க பையனுக்கு முடி வெட்டலாமா?" வெட்டுங்கண்ணே என்றால் விடுவாரா? "காதுக்கு மேலயா, காதோடயா?" என்பார். இன்னொரு நாள், "அக்கா, உங்க பையன் தும்மிட்டான்."

"தும்மட்டும்ணே."

"எத்தன தும்மல் வரைக்கும் விடலாம்?"

ஒருமுறை நாங்கள் குடும்பத்தோடு பழனிக்குப் போய்விட்டு வந்தால், பாபு அழுக்குச் சட்டையோடு உட்கார்ந்திருக்கிறான். நாங்கள் போனதிலிருந்து குளிக்கவே இல்லையாம். கேட்பதற்கு ஆள் இல்லையாம்! என் நாலும் சேர்ந்து கேட்காத கேள்வியை அந்த ஒற்றைப் பிள்ளைக்காக அந்த மனிதர் கேட்டார். நாலு பிள்ளை வளர்ப்பது ஒன்றும் பெரிய காரியமில்லை, எதிர்வீட்டில் ஒரு பிள்ளை வளர்வதைத்தான் தாங்க முடியாது.

இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. பள்ளிக்கூட லீவு நாள். என் பிள்ளைகள் தெருவில் கல்லா மண்ணா ஆடிக்கொண்டிருந்தார்கள். பாபு வழக்கம்போலத் தன் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்து, அழைப்பில்லாமல் கல்யாண வீட்டு வாசலில் நிற்கிறவன் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான். தெர்மாமீட்டர் வந்தார்.

"அக்கா, உங்க பையன் வெளையாடணும்ங்கறான். வேணாம்னு ஒரு வார்த்த சொல்லிருங்க."

எனக்கு எங்கிருந்து வந்ததோ, வந்துவிட்டது.

"ஏண்ணே, இது எம் புள்ளதான?"

"சத்தியமா உங்க புள்ளதாங்க்கா."

"அப்ப எம் புள்ளைங்க வளர்ற மாதிரிதான் இதுவும் வளரும். ஏய் செல்வி! பாபுவையும் ஆட்டத்துக்குச் சேத்துக்கங்கடி!"

சட்டம் அவர் போட்டது. பையன் படியிலிருந்து குதித்து ஓடினான். அதுவரை ஓடியே பழக்கமில்லையா, ஓடத் தெரிந்தது, நிற்கத் தெரியவில்லை. சுவரில் முட்டித்தான் நின்றான், நின்று சிரித்தான். தெர்மாமீட்டர் விளக்குக் கம்பத்தை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டார். அன்று மத்தியானம் என் பிள்ளைகளோடு வரிசையில் உட்கார்ந்து, கத்தரிக்காய் வெஞ்சனத்தைத் தொட்டுக்கொண்டு, தட்டை நீட்டி இன்னும் சோறு கேட்டான் பாபு. அவனைப் பெற்றவள் வாசலில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நாலைந்து நாள் போயிருக்கும். ஓடிவந்தவன் சாக்கடைப் பலகையில் வழுக்கிக் குழாயடித் திட்டில் போய் விழுந்தான். நெற்றி பிளந்துவிட்டது. நான் அடுப்படியிலிருந்து வருவதற்குள் தெர்மாமீட்டர் தெருவைத் தாண்டியிருந்தார். பையனை அள்ளி நெஞ்சில் அணைத்துக்கொண்டு, "ஐயோ, எம் புள்ள! எம் புள்ள! பாபு, அப்பாவப் பாருடா!" என்று தெருவே கேட்கக் கத்தினார்.

சட்டென்று நிறுத்தினார். முகம் வெளிறிப்போயிற்று. அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். ரத்தம் சொட்டச் சொட்டப் பையனை என் கையில் திணித்தார்.

"உங்க புள்ளக்கா! இந்தாங்க, உங்க புள்ள! நான் சும்மா தூக்குனேன், அம்புட்டுத்தான்! சும்மா தூக்குனேன்!"

என்னிடம் சொல்லவில்லை, மேலே பார்த்துச் சொன்னார். எனக்கு ஓங்கி ஒன்று வைக்கலாம் போல இருந்தது. "யார் புள்ளன்னு இப்பப் பட்டிமன்றமா நடக்குது? போய் வண்டியக் கூப்புடுங்கண்ணே!"

டாக்டர் தையல் போட்டுக்கொண்டே, "யாரும்மா இவன் அம்மா?" என்றார். பெற்றவர்கள் இரண்டு பேரும் என்னைக் கை காட்டினார்கள்.

"எத்தன பிள்ளைங்க?"

பல்லைக் கடித்துக்கொண்டு "அஞ்சு" என்றேன்.

"அஞ்சு பெத்துட்டு ஒண்ணையும் கவனிக்கிறதில்ல. பாருங்க, யாரோ ஒரு மனுஷன், அழுதுக்கிட்டு நிக்கிறாரு. அவருக்கு இருக்கற அக்கறைகூட உங்களுக்கு இல்லயே!"

அந்த யாரோ ஒரு மனுஷன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். உயிருக்கு ஒன்றும் பயமில்லை, எலும்பில் படவில்லை என்று டாக்டர் சொன்னதால் தெர்மாமீட்டர் பிழைத்தார், இல்லையென்றால் என் கையால் போயிருப்பார்.

குதிரை வண்டியில் திரும்பினோம். நெற்றியில் கட்டோடு பாபு என் மடியில் தூங்கிப்போனான். கட்டில் ரத்தம் கசிகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே வந்தேன். என் பிள்ளைகள் விழாததா? மஞ்சளை அப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறவள் நான். ஒன்று அழுதால், மற்ற மூன்றும் அங்கே நிற்கும், அந்தத் தைரியம் எனக்கு. தெர்மாமீட்டருக்கு அப்படித் திரும்பிப் பார்க்க வேறு யார் இருக்கிறார்கள்? அது அந்த வண்டியில்தான் எனக்கு உறைத்தது.

எதிரில் சம்சாரத்தோடு உட்கார்ந்திருந்தார். கண் பையன் மேலேயே இருந்தது. வண்டி குலுங்கும்போது தொங்குகிற காலைத் தொடப் போவதும், கையை இழுத்துக்கொள்வதுமாக இருந்தார். ரயில்வே கேட்டில் வண்டி நின்றபோது, மெதுவாகக் கேட்டார்.

"அக்கா... உங்க பையன செத்த நேரம் நான் மடியில வச்சுக்கட்டுமா?"

இரண்டு வருஷமாக என் உயிரை எடுத்த மனிதர். அவர் கேட்ட ஒன்றுக்காவது நான் முகம் சுளிக்காமல் பதில் சொல்லியிருக்கிறேனா, ஞாபகம் இல்லை. பையனை மெல்லத் தூக்கி அவர் மடியில் கிடத்தினேன்.

"வச்சுக்கங்கண்ணே. நல்லா அணைச்சு வச்சுக்கங்க. மேலேருந்து யாராச்சும் கேட்டா, எம் புள்ளதான்னு நான் சொல்லிக்கிறேன்."