ஏட்டு இல்லாத பக்கம்

புதுச்சேரியிலேயே ஏட்டு மாமாவைப் போலக் கதைப் புத்தகம் படிக்க இன்னொரு ஆள் கிடையாது. புத்தகத்தில் இருப்பதை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் படிப்பார்.

ரெட்டியார்பாளையத்தில் எங்கள் அடுக்குமாடியின் கீழ் வீடு அவருடையது. போக்குவரத்து போலீசில் ஏட்டு. பெயர் என்னவென்று அவர் மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது. மீசையைப் பார்த்தாலே ஆட்டோக்கள் தானாக ஓரம் கட்டும். அப்படிப்பட்டவருக்கு ஒரு கோழி செத்தால் தாங்காது. அதுவும் படத்தில் இருக்கிற கோழி.

ஆரம்பித்து வைத்தவன் என் மகன் கபிலன். நாலு வயது. கதையில் ஓர் எறும்புக்கு அடிபட்டாலும் அன்று ராத்திரி வீட்டில் யாருக்கும் தூக்கம் கிடையாது. நான் வேலை முடிந்து வந்து படித்தாலோ, இரண்டாவது பக்கத்திலேயே எனக்குக் குறட்டை வந்துவிடும். அதனால் சாயங்காலமே புத்தகத்தோடு மாடிப்படியில் உட்கார்ந்து ஆள் பிடிப்பான். ஒருநாள் டியூட்டி முடிந்து வந்த ஏட்டு மாமா மாட்டினார்.

புதுச்சேரி போலீசின் சிவப்புத் தொப்பியைக்கூடக் கழற்றாமல் படியில் உட்கார்ந்து படித்தார். நரி கோழியை நெருங்கியது. பையனின் உதடு பிதுங்கியது. மாமா தொண்டையைச் செருமினார்.

“அப்பத்தான் அங்க ஒரு ஏட்டு வந்தாரு. ‘டேய் நரி! ஹெல்மெட் எங்க? ஓரமா நில்லு’ன்னாரு.”

நரி மாட்டிக்கொண்டது, கோழி பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தது. மறுநாளிலிருந்து கட்டடத்துப் பிள்ளைகள் மொத்தமும் படியில்தான். ராட்சசன் வந்தால் ஏட்டு வருவார். புயலில் கப்பல் கவிழ்ந்தால் கனகசெட்டிக்குளம் கடற்கரையில் படகு பிடித்து ஏட்டு வருவார். நிலாவுக்குக் கிளம்பிய ராக்கெட்டையே வழிமறித்து வண்டி பேப்பர் கேட்டார். உள்ளேயிருந்து அவர் மனைவி, “சோறு ஆறுது. அந்த ஏட்ட கொஞ்சம் வீட்டுக்கும் வரச் சொல்லுங்க” என்று குரல் கொடுப்பார்.

கபிலனுக்கு நம்பிக்கை முற்றிவிட்டது. தடுப்பூசி போடப் போன இடத்தில் டாக்டர் ஊசியைத் தூக்கியதும், கதவைப் பார்த்து, “ஏட்டு மாமா!” என்று அலறினான். டாக்டரே ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

இந்த நேரம் பார்த்து என் மகள் யாழினி படிக்கக் கற்றுக்கொண்டாள். ஒன்றாம் வகுப்பு. கடைப் பலகை, பிஸ்கட் உறை எதையும் விடுவதில்லை. அன்றைக்கு வாத்துக்குஞ்சுக் கதை. அம்மா பேச்சைக் கேட்காமல் குளத்தில் இறங்கிய குஞ்சை முதலை விழுங்கிவிடுகிறது. இதையெல்லாம் குழந்தைகளுக்கு எழுதுகிறவர்களை என்ன சொல்ல! மாமா வழக்கம்போல் ஏட்டைக் குளக்கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். யாழினி எட்டிப் பார்த்தாள்.

“மாமா, இதுல ஏட்டே இல்லியே. முதலை முழுங்கிடுச்சுன்னுதான் போட்டிருக்கு. நீங்க பொய் சொல்றீங்க.”

“அப்போ வாத்து செத்துடுச்சா?” என்று கேட்டுவிட்டுக் கபிலன் ஓவென்று அழுதான். மாமா புத்தகத்தை மூடி அவளிடம் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் படி காலி. அதற்கடுத்த நாளும் காலி. நான் போய்க் கூப்பிட்டேன்.

“வேணாம்மா. பொய் சாட்சி சொல்லி கோர்ட்ல மாட்டுன மாதிரி ஆயிடுச்சு. புள்ளைங்க இனிமே என்னை நம்பாதுங்க.”

மீசைகூடத் தொங்கிப்போயிருந்தது. சிரிக்கலாம் என்று பார்த்தால் மனசு கஷ்டமாகிவிட்டது. கட்டடத்துப் பிள்ளைகள் மறுபடி செல்போனுக்குள் போய்விட்டார்கள். கபிலன் புத்தகத்தைக் கண்டாலே காதைப் பொத்தினான். இவன் இனிமேல் புத்தகத்தையே தொட மாட்டானோ என்று எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

யாழினிக்கும் உள்ளுக்குள் உறுத்தல். சனிக்கிழமை சாயங்காலம் தம்பியை இழுத்துக்கொண்டு படிக்குப் போனாள். “வா, நான் படிக்கறேன்.” அதே வாத்துக்குஞ்சுப் புத்தகம். எனக்குத் திக்கென்றது, அவள் அச்சில் உள்ளதை மாற்றுகிற ரகம் இல்லை. பின்னாலேயே போனேன். மாமா வீட்டுக் கதவு லேசாகத் திறந்திருந்தது. இடுக்கில் பனியன் தெரிந்தது.

“முதலை... வாயை... பெரிதாக... திறந்தது.”

கபிலனின் கைகள் காதுக்குப் போயின. யாழினி பக்கத்தைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள்.

“ஏன்னா அதுக்குப் பல்வலி. ‘வாத்து, வாத்து, எந்தப் பல்லுன்னு பாத்துச் சொல்லேன்’னு கேட்டுச்சு.”

கைகள் பாதி வழியில் நின்றன. கதவு முழுசாகத் திறந்தது.

“அப்படியா போட்டிருக்கு?” என்றார் மாமா.

“ஆமா மாமா” என்றாள், கண்ணைச் சிமிட்டாமல்.

மாமா வந்து பிள்ளைகளுக்குக் கீழே ஒரு படியில் உட்கார்ந்தார். கபிலன் நகர்ந்து அவர் தோளில் சாய்ந்துகொண்டான்.

“மேல படிம்மா. எந்தப் பல்லு?”

சும்மா பேச்சுக்குக் கேட்கவில்லை. எந்தப் பல் என்று தெரிந்துகொள்ளாமல் அன்று அவருக்குச் சோறு இறங்காது என்பது முகத்திலேயே தெரிந்தது. அந்த முகத்தை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.