லூப்பு நைனாவும் நாற்பது குதிரை முகங்களும்

மாம்பலம் ரயில் நிலையத்துப் படிக்கட்டுக்குக் கீழே கோணி விரித்து பெல்ட் விற்க ஆரம்பித்தவன் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, நானும் அதை விட்டேன். கோணியிலிருந்து தள்ளுவண்டி, தள்ளுவண்டியிலிருந்து தி.நகரில் ஷட்டர் வைத்த கடை, அப்புறம் வேளச்சேரியில் பதினோரு தையல் மெஷின் போட்ட பட்டறை, மூன்று பெண்களுக்குக் கல்யாணம், இப்போது ஆழ்வார்பேட்டையில் ஏசி வைத்த ஷோரூம். ஒருத்தரும் கை கொடுக்கவில்லை. இரண்டு தடவை இடத்தைக் காலி பண்ணச் சொன்னார்கள், ஒரு தடவை தீப்பிடித்தது, ஒரு தடவை வெள்ளம் வந்தது. எல்லாவற்றுக்கும் முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்றவன். அப்பேர்ப்பட்ட என்னை, விரல் அகலத் தோல் துண்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பதினெட்டு வருஷமாக ஆட்டி வைக்கிற ஆள் ஒருவர் இருக்கிறார். சென்னை முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் இன்னொரு பிடிவாதக்காரர் இப்படிக் கிடைக்க மாட்டார் என்று பத்திரத்தில் வேண்டுமானாலும் எழுதித் தருகிறேன்.

லூப்பு நைனா என்றால் பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். ரேஷன் கார்டில் வேறு பேர் இருக்கலாம். நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

பெல்ட் போட்டிருக்கிறவர்கள் கொஞ்சம் குனிந்து பாருங்கள். பக்கிளைத் தாண்டி நீளுகிற வாலை அடக்கிப் பிடிக்க ஒரு சின்னத் தோல் வளையம் இருக்கும். அதுதான் லூப்பு. குதிரைக்கு மாட்டுகிற கடிவாளத்தில் பக்கிளுக்குப் பக்கிள் இது உண்டு. யாரும் கவனிக்காத சாமான். இவர் அது ஒன்றைத்தான் கவனிப்பார். வேலை கேட்டு வந்த அன்றைக்கே தெளிவாகச் சொல்லிவிட்டார்.

“பெல்ட்டு நீ தை. பக்கிள் எவனாவது மாட்டட்டும். நான் லூப்பு மட்டுந்தான்.”

“லூப்பு தைக்க மட்டும் ஒரு ஆளா? ரெண்டு நிமிச வேல நைனா அது.”

“உனுக்கு ரெண்டு நிமிசம். அத்தான் உன் வாலு அப்படி ஆடிக்கினு கீது.”

குனிந்து என் இடுப்பைப் பார்த்தேன். என் கடையில், நானே தைத்த பெல்ட். ஆடிக்கொண்டுதான் இருந்தது. வேலைக்கு வைத்துக்கொண்டேன். அன்றைக்கு எனக்கு ‘பெல்ட்டு’ என்று பேர் வைத்தார். பட்டறையில் மற்ற எல்லோருக்கும் நான் முதலாளி. அவருக்கு மட்டும் இன்றுவரை பெல்ட்டுதான்.

வேலை செய்கிற விதத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். தோலை விரல் அகலத்துக்கு வாராக நறுக்குவார். ஓரத்தை இழைப்பார். எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் ஊற்றி அதில் ஊறப் போடுவார். பிறகு சின்ன மரக்கட்டையில் சுற்றி, இரண்டு முனையையும் முட்ட வைத்து, மெழுகு தடவிய நூலில் இரண்டு ஊசி கோத்து, ஒரே ஓட்டையில் இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக இழுப்பார். ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் பிடிக்கும். முடித்ததும் வாரை உள்ளே விட்டு, பக்கத்தில் தன் சுண்டுவிரல் நுழைகிறதா என்று பார்ப்பார். நுழைந்தால் பிரித்துவிடுவார். ஒரு நாளைக்கு ஆறு தைத்து நாலைப் பிரித்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

என் இரண்டாவது பெண்ணைக் கொடுக்கப்போகிற சம்பந்தி பட்டறையைப் பார்க்க வந்திருந்தார். நல்ல வெயில். எதிரே டம்ளரைப் பார்த்ததும் எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டார். அடியில் கிடந்த தோல் துண்டு பல்லில் தட்டின பிறகுதான் விஷயம் புரிந்தது. லூப்பு நைனா நிதானமாக அவர் கையிலிருந்து டம்ளரை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தார்.

“தண்ணி போனா போவுது சார். தோல கடிக்கலியே?”

கல்யாணம் நடந்தது. சம்பந்தி இன்றைக்கும் எங்கள் வீட்டில் தண்ணீர் குடிப்பதற்கு முன்னால் டம்ளரை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பார்.

இதெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவருடைய சட்டம் ஒன்று உண்டு, அதுதான் என் உயிரை வாங்கியது. யாருக்கு பெல்ட்டோ அந்த ஆளைப் பார்க்காமல் லூப்பு தைக்க மாட்டார். அதுவும் சாப்பிடுவதற்கு முன் ஒரு தரம், சாப்பிட்ட பின் ஒரு தரம். வயிறு நிறைந்தால் பெல்ட்டில் ஓட்டை மாறும், ஓட்டை மாறினால் வால் நீளம் மாறும், லூப்பு இரண்டுக்கும் நடுவில் உட்கார வேண்டும் என்பது அவர் கணக்கு. மயிலாப்பூரிலிருந்து பேங்க்கில் ரிடையர் ஆன பெரியவர் ஒருவர் வந்தார். இடுப்பைத் தடவிப் பார்த்துவிட்டு இவர் சொன்னார்:

“போய் துன்னுட்டு வா சார்.”

“இப்பத்தான் ஆத்துல ரெண்டு தோசை சாப்டுட்டு வரேன்.”

“தோச கணக்குல வராது. முழு சாப்பாடு.”

“ஏன்யா, நான் பெல்ட் வாங்க வந்தேனா, சிராத்தம் சாப்ட வந்தேனா?”

பெரியவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். கடைசியில் பக்கத்து மெஸ்ஸுக்கு நானே அழைத்துக்கொண்டு போய், ரசம், மோர் எல்லாம் ஊற்றச் சொல்லி, திரும்பக் கூட்டி வந்தேன். ஒரு வாரம் கழித்து அவர் தன் தம்பி, மைத்துனன், மாப்பிள்ளை மூன்று பேரையும் கூட்டி வந்தார். நான்கு பேரும் சாப்பிடாமலே வந்திருந்தார்கள்.

கடைக்குள்ளேதான் இப்படி என்று நினைக்காதீர்கள். வேளச்சேரி போகிற பறக்கும் ரயிலில் ஒரு நாள் எங்கள் எதிரே ஒரு போலீஸ் ஏட்டு நின்றுகொண்டிருந்தார். நான் தடுப்பதற்குள் இவர் கை நீட்டி அவர் பெல்ட்டுக்குள் சுண்டுவிரலை விட்டுவிட்டார்.

“யோவ், கைய எட்றா.”

“மொறைக்காத சார். லூப்பு லூசா கீது. திருடன தொரத்தினு ஓடசொல்ல இது கழண்டு தொங்குச்சுன்னா அவன் திரும்பிப் பாத்து சிரிப்பான்.”

இறங்கி ஸ்டேஷனுக்குப் போக வேண்டியதுதான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். ஏட்டு குனிந்து பார்த்தார், சுற்றிலும் பார்த்தார், மெதுவாகக் கேட்டார்: “கட எங்க கீது?”

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

அந்தப் பெருமழை வருஷம் வேளச்சேரியில் தண்ணீர் என் மார்பளவு நின்றது. பதினோரு மெஷினும் முழுகின. வடிந்த பிறகு பார்த்தால் ஒன்றுகூட உருளவில்லை. வேறு ஆளாக இருந்தால் ஊரைப் பார்த்துப் போயிருப்பான். நான் கை வேலை எடுக்கிறேன் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன். அப்போதுதான் அடையாறைத் தாண்டிக் கடலோரம் குதிரையேற்றம் சொல்லிக்கொடுக்கிற ஒரு மேடம் வந்தார். கையால் தைத்த கடிவாளம், நாற்பது, ஒரே மாதத்தில். பிடித்திருந்தால் சேணம், வார் எல்லாம் எங்களிடமே. பிடிக்காவிட்டால் பட்டறைக்குப் பூட்டு. இதற்கு நடுவில் வேறு வழி எனக்கு இல்லை.

லூப்பு நைனாவிடம் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி.

“குதிர எங்க?”

“அளவு எழுதிக் குடுத்துக்கீறாங்க நைனா. நாப்பதும் ஒரே அளவு.”

“நாப்பது பேரு மூஞ்சி ஒண்ணாவா கீது? உங்க வூட்ல மூணு பொண்ணு, அதுங்க மூஞ்சியே ஒண்ணா இல்ல.”

தினமும் காலையில் பஸ் ஏறிப் போனார். ஒரு குதிரைக்கு முன்னால் உட்கார்வார். அது சும்மா நிற்பதைப் பார்ப்பார், பிறகு புல் தின்பதைப் பார்ப்பார். மெல்லும்போது தாடை விரிவதை நூல் வைத்து அளந்து, நூலில் ஒரு முடிச்சுப் போடுவார். வந்து தைப்பார். இருபது நாளில் பதினான்கு முகம்தான் முடிந்தது. மிச்சம் பத்து நாள், இருபத்தாறு குதிரை.

நான் செய்ததை மறைக்கப்போவதில்லை. பெரியமேட்டுத் தோல் கடைகளுக்குப் போய் டஜன் கணக்கில் ரெடிமேடு லூப்பு வாங்கி வந்தேன். அவர் குதிரை பார்க்கப் போயிருந்த நேரத்தில் இருபத்தாறு கடிவாளத்திலும் நானே மாட்டி, மூட்டை கட்டிவிட்டேன். அவரிடம், நாலு பேரை வைத்துக் கையால் தைத்தது என்று சொன்னேன். அவர் என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். டம்ளரை எடுத்துத் தண்ணீரைக் கீழே கொட்டினார்.

ஒப்படைக்கிற அன்று காலை மணலில் குதிரைகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். கடிவாளம் மாட்டினார்கள். எல்லாம் பளபளவென்று இருந்தது. மேடம் ஒரு வெள்ளைப் பெண்குதிரை மேல் ஏறினார். என் கெட்ட நேரம், அது என் இருபத்தாறில் ஒன்று. நாலு அடி போனதும் கடல் காற்று திரும்பியது. லூப்பிலிருந்து வாரின் வால் நழுவி, படபடவென்று குதிரையின் கண்ணோரம் அடித்தது. குதிரை தலையை உதறியது. பின்னால் நடந்தது. பிறகு சிலை மாதிரி நின்றுவிட்டது. மேடம் இறங்கி வந்தார்.

“என்னங்க இது? கண்ணுல பட்டிருந்தா? நாப்பதையும் எடுத்துட்டுப் போயிடுங்க.”

தீயில் நின்றவன், வெள்ளத்தில் நின்றவன் என்று சொன்னேன் அல்லவா. அன்றைக்கு அந்த மணலில் லூப்பு நைனாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன்.

லூப்பு நைனா குதிரையிடம் போனார். அதன் கழுத்தைத் தட்டிக்கொடுத்தார். லூப்புக்குள் சுண்டுவிரலை விட்டார். சுண்டுவிரல் என்ன, கட்டைவிரலே போயிற்று. திரும்பி என்னைப் பார்த்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்:

“இது எனுக்குப் பொறந்தது இல்ல பெல்ட்டு.”

அவ்வளவுதான். அங்கேயே என்னைக் கிழித்துத் தோரணம் கட்டியிருக்கலாம். செய்யவில்லை. தீவன வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். சட்டைக் காலரில் குத்தியிருந்த இரண்டு ஊசியை எடுத்தார்.

“யம்மா, இதுக்கு ரெண்டு புடி புல்லு போடு. துன்னும்போது பாக்கணும்.”

“பெரியவரே, எனக்கு நேரமில்ல.”

“அதுக்குக் கீதும்மா. கேட்டுப் பாரு.”

மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புல் வந்தது. அவர் பார்த்தார், நூலில் முடிச்சுப் போட்டார், தோலை நனைத்தார், தைத்தார். முக்கால் மணி நேரம். யாரும் நகரவில்லை. பாதி வேலையில் அந்தக் குதிரை தன் தாடையை அவர் தோள்மேல் வைத்துக்கொண்டது. “நவுரு கண்ணு, வெளிச்சம் மறைக்குது” என்றார். அது நகர்ந்தது. சத்தியமாக நகர்ந்தது.

மேடம் மறுபடி ஏறினார். கடற்கரை ஓரமாக ஒரு சுற்று, இன்னும் வேகமாக இன்னொரு சுற்று. வால் அசையவில்லை. இறங்கி வந்து அந்த லூப்பைத் தன் விரலால் தடவிப் பார்த்தார்.

“முகத்தைப் பாத்துத் தைக்கறது. இது யாரோட யோசனை?”

வாய் என்னுடையது, முந்திக்கொண்டது. “என்னுதுதான் மேடம். எங்க பட்டறையில நான் வெச்ச சட்டம்.”

சொன்ன பிறகுதான் லூப்பு நைனா பக்கம் திரும்பினேன். அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டிருந்தார்.

“ஆமாம்மா. பெல்ட்டு சொல்லித்தான் நான் பண்றேன். மீதி கொஞ்சம் கீது, ஒரு மாசம் டைம் குடு.”

மேடம் ஒன்றரை மாதம் கொடுத்தார். திரும்பி வருகிற பஸ்ஸில் மத்திய கைலாஷில் ஜன்னலோர இடம் காலியானதும் அவரை உட்கார வைத்தேன். பிறகு கேட்டேன்.

“ஏன் நைனா அப்படி சொன்ன?”

“உனுக்கு அந்தப் பேரு வேணும்னு மூஞ்சில எழுதி ஒட்டிக்கினு நின்ன. எனுக்கு இன்னும் இருவத்தஞ்சு மூஞ்சி பாக்கணும். சண்ட போட்டா அது போயிடும்.”

அதிலிருந்து பட்டறை எழுந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. பெங்களூருக்குப் போகிறது, ஊட்டிக்குப் போகிறது, கப்பலில்கூடப் போகிறது எங்கள் கடிவாளம். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு அட்டை வைக்கிறோம். அதில் மீசையோடு என் படம். கீழே, ‘முகம் பார்த்துத் தைக்கும் முறையைக் கண்டுபிடித்தவர்’ என்று என் பேர். அந்த அட்டையை அச்சடித்து வந்த அன்று லூப்பு நைனாவிடம் நீட்டினேன். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“நல்லா வந்துகீது பெல்ட்டு,” என்றார். “ஓரத்துல அந்தக் கடிவாளம் தெரியுது பாரு. அந்த லூப்பு நான் தச்சது.”

அடுத்த மாதம் தோல் தொழில்காரர்கள் கூடி எனக்கு ஒரு பட்டம் தருகிறார்களாம். அதே வாசகத்தைத் தகட்டில் வெட்டித் தரப்போகிறார்களாம். விழாக்காரர்களுக்கு இதை அச்சடிக்கிற பத்திரிகை மூலமாகவே சொல்லிவிடுகிறேன். கோணி என்னுடையது, கடை என்னுடையது, பட்டறை என்னுடையது, அதில் யாருக்கும் பங்கில்லை. முறை மட்டும் லூப்பு நைனாவுடையது. அவர் பேரை மேலே, பெரிதாக வெட்டுங்கள். என் பங்கையும் விட முடியாது. இப்படி ஒரு மனிதரை வேறு எந்தப் பட்டறைக்கும் போகவிடாமல் பதினெட்டு வருஷம் பக்கத்திலேயே வைத்துக்கொண்டவன் நான். அதை அவர் பேருக்குக் கீழே, சின்ன எழுத்தில் போட்டால் போதும்.