எங்கள் கடையில் எல்லோரும் பாஸ் அவுட்

இங்கிலீஷ் வினைச்சொற்கள் தனியாக இருக்கும்வரை பரம சாது. ‘கிவ்’ என்றால் கொடு, ‘லுக்’ என்றால் பார். எல்.கே.ஜி. பிள்ளைகூடச் சொல்லிவிடும். பின்னால் ஒரு ‘அப்’போ ‘அவுட்’டோ வந்து ஒட்டிக்கொண்டதும்தான் குணம் மாறிவிடும். ‘கிவ் அப்’பில் யாரும் யாருக்கும் எதையும் கொடுப்பதில்லை. ‘லுக் அவுட்’ என்று யாராவது கத்தினால் நின்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, ஓட வேண்டும். இதையெல்லாம் போர்ட் பிளேரில் மூன்று வருடம் படித்து, பி.ஏ. ஆங்கிலத்தில் முதல் வகுப்பில் தேறியவள் நான். அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டுதான் ஹேவ்லாக் தீவில், ஆட்களைக் கடலுக்கடியில் இறக்கிக் காட்டுகிற ஒரு டைவிங் கடையை மூடுகிற நிலைக்குக் கொண்டுபோனேன். (தீவுக்கு இப்போது வேறு பெயர் வைத்துவிட்டார்கள். எங்கள் வாயில் இன்னும் ஹேவ்லாக்தான்.)

கடைக்காரர் செல்வம் அண்ணன். பூர்வீகம் தூத்துக்குடி, பேச்சு பாதி தமிழ் பாதி தீவு ஹிந்தி. அவருக்குக் கடல் தெரியும், இங்கிலீஷ் வராது. எனக்கு இங்கிலீஷ் வரும், கடல் தெரியாது.

தீவில் பிறந்தவளுக்குக் கடல் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியாது. எங்களுக்குக் கடல் என்றால் கப்பல் டிக்கெட், வாந்தி, காய்கறி வராத வாரம். சுனாமிக்குப் பிறகு அம்மா எங்களைக் கடல் இருக்கிற திசையில் கால் நீட்டிப் படுக்கக்கூட விட்டதில்லை. (தீவில் அது எந்தத் திசை என்று நாங்கள் கேட்டதுமில்லை.) கணுக்காலுக்கு மேல் நனையாமல் இருபத்திரண்டு வயதுவரை வளர்ந்துவிட்டேன்.

“டீக் ஹை, தேவி. நீ மேல பேசு, நான் கீழ பாத்துக்கறேன்” என்றார் அண்ணன். நேர்முகத் தேர்வு அவ்வளவுதான்.

அந்த வருடம் மழை நிற்காமல் சீசன் படுத்துவிட்டது. ஒருநாள் காலை ஸ்காட்லாந்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள், மார்கரெட்டும் ஜார்ஜும். இருவருக்கும் அறுபதையொட்டிய வயது. பக்கத்து ரிசார்ட்டில் அவர்களுடைய நண்பர்கள் ஒரு பட்டாளமே தங்கியிருந்தது. இவர்கள் இறங்கிப் பார்த்துவிட்டுச் சொல்கிற வார்த்தையில்தான் மற்றவர்கள் வருவதா வேண்டாமா என்பது இருந்தது.

“இந்த பார்ட்டிய விட்டுடாத தங்கச்சி. இது போச்சுன்னா படகக் கரையேத்திட்டு நான் மெயின்லேண்டுக்கு வேலை தேடிப் போவணும்” என்று காதோடு சொல்லிவிட்டு அண்ணன் படகைப் பார்க்கப் போனார்.

மார்கரெட் அம்மாளுக்குச் சின்ன வயதிலிருந்தே கடலுக்கடியில் போக ஆசையாம். இப்போது வாசல்வரை வந்த பிறகு பயமாக இருக்கிறதாம். ஜார்ஜ் எங்கள் ஆக்சிஜன் டேங்குகளை (உள்ளே இருப்பது வெறும் காற்றுதான், நான் அப்போது அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்) வெடிக்கப்போகிற கேஸ் சிலிண்டரைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“புதியவர்களால் சமாளிக்க முடியுமா?” என்று கேட்டார் மார்கரெட்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்து, கல்லூரி மேடையில் பேசுகிற குரலில் சொன்னேன். “கவலையே வேண்டாம் மேடம். இங்கே எல்லோரும் பாஸ் அவுட் ஆகிவிடுவார்கள்.”

“எல்லோருமா?”

“நூற்றுக்கு நூறு! போன மாதம் டெல்லியிலிருந்து ஒரு போலீஸ் அதிகாரி வந்தார். மலை மாதிரி உடம்பு. அவரே பாஸ் அவுட் ஆகிவிட்டார்.”

ஜார்ஜ் மெதுவாகக் கேட்டார். “அப்போது நீங்கள் என்ன செய்தீர்கள்?”

“கைதட்டினோம் சார். போட்டோ எடுத்து மாட்டினோம். இந்தச் சுவரில் இருக்கிற எல்லோரும் இங்கே பாஸ் அவுட் ஆனவர்கள்தான்.”

இருவரும் சுவரைப் பார்த்தார்கள். சுவரிலிருந்தவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“இதில் ஒரு சிறுவன் இருக்கிறானே?”

“முதல் தடவையிலேயே பாஸ் அவுட்! அவன் அப்பா அம்மாவுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். கடைக்கே ஸ்வீட் வாங்கிக் கொடுத்தார்கள்.”

“உங்கள் பயிற்சியாளர்?” என்று வாசல் பக்கம் நகர்ந்துகொண்டே கேட்டார் ஜார்ஜ்.

“செல்வம் சாரா? நாலு தடவை பாஸ் அவுட் ஆனவர்” என்றேன் பெருமையாக. “அதனால்தான் மற்றவர்களை அவரால் இவ்வளவு சுலபமாக ஆக்க முடிகிறது.”

வெள்ளைக்காரர்கள் அதற்கு மேலும் வெளுக்க முடியும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஜார்ஜ் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு வேகமாக வெளியே நடந்தார். எதிரே வந்த செல்வம் அண்ணன் வழிமறித்து, “சார், வாட்? வாட்?” என்றார். ஜார்ஜ் எங்கள் கடையைக் காட்டி, அண்ணனைக் காட்டி, கண்ணை மூடிக் கழுத்தைத் தொங்கப்போட்டு, தென்னை மரத்தில் சாய்ந்து காட்டினார்.

“ஏய், என்னத்தச் சொல்லித் தொலச்ச? பாகல் ஆயிட்டாரு மனுஷன், பைத்தியம் புடிச்ச மாரி!” என்று அண்ணன் கத்தினார்.

நான் ஓடிப்போய் மார்கரெட்டிடம், சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் மறுபடி சொன்னேன். அவர் கையைத் தூக்கி என்னை நிறுத்தினார். “பெண்ணே, பாஸ் அவுட் என்றால் நீ என்ன அர்த்தத்தில் சொல்கிறாய்?”

“படிப்பை முடித்து வெளியே வருவது.”

அவர் மணலில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு என்று தெரியவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அவர்கள் ஊரில் பாஸ் அவுட் என்றால் மயங்கி விழுவதாம். நம் ஊரில் பட்டம் வாங்கிய அத்தனை பேரும் அங்கே மூர்ச்சையானவர்கள். பூமி பிளந்து என்னை விழுங்கவில்லை, காரணம் அங்கே இருந்தது ஈர மணல்.

ஜார்ஜ் மட்டும் சிரிக்கவில்லை. “இவ்வளவு சொல்கிறாயே, நீ இறங்கியிருக்கிறாயா?” என்றார்.

“இல்லை சார்.”

மார்கரெட் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “நீ என்னோடு வந்தால் நான் இறங்குகிறேன்.”

அண்ணனுக்கு அதைத் தமிழில் சொன்னேன். அண்ணன் என்னைப் பார்த்தார். “சலோ. சூட்டைப் போடு” என்றார்.

ரப்பர் சூட்டுக்குள் போய்ச் சேர்வதற்கே உயிர் போயிற்று. காலையில் டென்ஷனில் சாப்பிடவுமில்லை. தண்ணீரைப் பார்த்ததும், எனக்குத் தெரிந்த எல்லாச் சாமிகளிடமும் தனித்தனியாகப் பேசினேன். கரையோரம் இடுப்பளவு தண்ணீரில் மூச்சு விடப் பழக்கியபோது அண்ணன் நான்கு முறை தலையில் அடித்துக்கொண்டார். பிறகு எல்லோரையும் படகில் ஏற்றிக்கொண்டுபோய்ப் பவளப்பாறைக்கு மேலே நிறுத்தி, ஒரு கையில் மார்கரெட், ஒரு கையில் நான் என்று பிடித்துக்கொண்டு மெல்ல இறக்கினார். ஜார்ஜ் படகிலேயே இருந்துவிட்டார்.

முதலில் சத்தம்தான் வந்தது. கடல் அமைதியாக இருக்கும் என்று பக்கம்பக்கமாக எழுதியிருக்கிறார்களே, பொய். பக்கத்து வீட்டில் கடுகு தாளிக்கிற மாதிரி எங்கும் படபடவென்று பொரிகிறது. கண்ணைத் திறந்தேன்.

கீழே ஒரு ஊர் இருந்தது. போர்ட் பிளேரின் ஜங்லிகாட் சந்தை மாதிரி நெருக்கடி, ஆனால் யாரும் யார்மீதும் இடித்துக்கொள்ளவில்லை. மஞ்சள் மீன்கள் கும்பலாகத் திரும்பும்போது ஒரு பெரிய புடவையை உதறியதுபோல் வெளிச்சம் அடித்தது. நீலப் பச்சை மீனொன்று பாறையைக் கடித்துத் தின்றது, கடிக்கிற சத்தம் என் காதுக்குக் கேட்டது. என் முழு உயரத்துக்கும் விரிந்த பவள விசிறி ஒன்று காற்றில்லாத இடத்தில் ஆடியது. என் தலைக்கு மேலே, எப்போதும் அடியிலிருப்பதாக நான் நினைத்திருந்த தண்ணீர், கூரையாக மின்னியது.

பிறகு ஆமை வந்தது. அவசரமே இல்லை அதற்கு. எங்களைக் கண்டு விலகவுமில்லை, நெருங்கவுமில்லை. முகத்துக்கு நேரே வந்து ஒரு கணம் பார்த்தது. அப்படி ஒரு பழைய கண்ணை நான் எந்த மனிதரிடமும் பார்த்ததில்லை. இத்தனை வருடமும் இது இங்கேதான் இருந்திருக்கிறது. நான் மேலே கப்பலில் உட்கார்ந்து இதன்மேல் வாந்தியெடுத்துக்கொண்டு போயிருக்கிறேன். என் கண்ணாடிக்குள் தண்ணீர் சேர்ந்தது. கடல் கசிகிறதென்று அண்ணன் பதறிச் சைகை செய்தார். கசிந்தது கடல் இல்லை. மார்கரெட் என் விரல்களை இறுக்கிப் பிடித்திருந்தார். அவருக்கும் அதே கசிவு என்று பிறகு சொன்னார்.

படகில் ஏறினோம். கண்டதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று ஜார்ஜ் முன்னால் எழுந்து நின்று, “சார்...” என்றேன். வெறும் வயிறு, வெயில், ஆமை. அடுத்து எனக்கு நினைவிருப்பது முகத்தில் விழுந்த தண்ணீர்.

நான் சுருண்டு விழுந்ததைப் பார்த்து ஜார்ஜ் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டாராம். “இந்தப் பெண் ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை” என்றாராம். மறுநாள் அவருடைய நண்பர்கள் எல்லோரும் வந்தார்கள். அவரும் இறங்கினார். நான் முழுதாகச் சாப்பிட்டுவிட்டுக் கூடவே இறங்கினேன்.

இந்தக் கதை எனக்கு முன்பே கப்பலேறிப் போர்ட் பிளேர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அடுத்த வருடம் சௌல்தாரி கிராமத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அப்பா அடக்க முடியாமல் அவர்கள் முன்னாலேயே அதை நடித்துக் காட்ட, வந்தவர்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாப்பிள்ளை மட்டும் சிரித்து ஓய்ந்ததும் என் பக்கம் திரும்பினார்.

“அது சரிங்க, கீழ என்ன இருந்துச்சு?”

அதுவரை யாரும் கேட்காத கேள்வி. விழுந்ததைத்தான் எல்லோரும் கேட்டிருந்தார்கள். நான் சொல்ல ஆரம்பித்தேன். காபி ஆறியது. பஜ்ஜி ஆறியது. அவருடைய அம்மா இரண்டு முறை, “கடைசி பஸ் போயிரும்பா” என்றார். ஆமை வருவதற்குள் பஸ் போய்விட்டது. டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிற அப்பா, ரிப்பேருக்கு வந்த ஸ்கூட்டர்களை எடுத்துக்கொண்டுபோய் மாப்பிள்ளை வீட்டாரை ஊரில் சேர்த்தார். அதில் ஒன்று பாதி வழியில் நின்று, என் மாமியார் இறங்கித் தள்ளினார்.

இன்றும் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அவர் என்னை அறிமுகப்படுத்துவது இப்படித்தான். “எம்மருமவ. பொண்ணு பாக்கப் போன அன்னிக்கே ஒரு ஆமைக்காக என்னைய வண்டி தள்ள வச்சவ.”